வினா முன்னே, சூத்திரம் பின்னே: உயர்நிலை வகுப்புகளில் இயற்பியல் கற்பித்தல்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலான இல்லங்களில் அது இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகிறது. எந்தப் பள்ளி? எத்தனை மதிப்பெண்? இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வினா ஒன்று உண்டு. வகுப்பறைக்குள் பாடம் எந்த முறையில் நடத்தப்படுகிறது என்பதே அது. வருவாயில் பெரும்பகுதியைப் படிப்புக்கென ஒதுக்கும் பெற்றோரும் இதனைக் கேட்பது அரிது. அந்த மூன்றாவது வினாவை, இயற்பியல் என்னும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஓர் எளிய சோதனை. பாரம் ஏற்றிய லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. மோதும் கணத்தில் லாரி காரின்மீது செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின்மீது செலுத்தும் விசை பெரிதா? நியூட்டனின் மூன்றாம் விதியை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்து முழு மதிப்பெண் பெற்ற மாணவரிடம் இதனைக் கேட்டாலும், லாரியின் விசையே பெரிது என்னும் விடை தயக்கமின்றி வருவதுண்டு. இரண்டும் சமம் என்பதே சரியான விடை. விசை சமமாயினும் காரின் நிறை குறைவு. ஆதலின் அதன் வேகம் நொடிப்பொழுதில் மிகுதியாக மாறுகிறது. அது நொறுங்குவதற்குக் காரணம் இதுவே. விதியை மனப்பாடமாக அறிந்தவர், அவ்விதி கண்முன் நிகழும்போது அதனை அடையாளம் காணவில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டனஸ் ஆகியோர் 1980களில் இந்நிலையை முறையாக ஆராய்ந்தனர். அதன் தொடர்ச்சியாக 1992இல் ஹெஸ்டனசும் அவர்தம் துணைவரும் விசையைப் பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். அதில் எண்களை வைத்துக் கணக்கிட வேண்டியது எதுவும் இல்லை. அன்றாட நிகழ்ச்சிகளைச் சொல்லி, இங்கே என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று மட்டுமே அது கேட்டது. லாரியும் காரும் மோதும் வினாவும் அதில் உண்டு. கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்ட மாணவர் பலர் இவ்வெளிய வினாக்களில் தடுமாறினர். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மசூர் இத்தகைய வினாக்களைத் தம் மாணவரிடம் கொடுத்துப் பார்த்தபோது அங்கும் எதிர்பாராத தடுமாற்றமே தென்பட்டது. அதன் பின்னர் அவர் தம் விரிவுரை முறையையே மாற்றிக்கொண்டார்.

இதற்குக் காரணம் மாணவரின் அறிவுக்குறைவோ ஆசிரியரின் அக்கறையின்மையோ ஆகாது. பாடம் நடக்கும் வரிசையைக் கவனித்தால் காரணம் விளங்கும். முதலில் வரையறை, அடுத்துச் சூத்திரம், அடுத்து ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு, இறுதியில் பயிற்சிக் கணக்குகள். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்பதைப் பாடத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. வினாவில் மூன்று எண்கள் இருந்தால் அம்மூன்றும் சூத்திரத்தில் இடம்பெறும். தேவையற்ற எண் ஒன்றும் இராது, தேவையான எண் ஒன்றும் விடுபடாது. எண்களைச் சூத்திரத்தில் பொருத்தும் பயிற்சி இதனால் கைவருகிறது. ஆயின் வாழ்க்கையில் எந்தச் சிக்கலும் தலைப்பிட்ட பாடத்தின் இறுதியில் வந்து நிற்பதில்லை. அங்கே எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறிவதே முதல் வேலை.

இவ்வரிசையை மாற்றி, வினாவை முன்னே வைத்துச் சூத்திரத்தைப் பின்னே வரச்செய்யும் முறைக்குச் சிக்கல்வழிக் கற்றல் என்று பெயர். இது பிறந்த இடம் ஒரு மருத்துவக் கல்லூரி. கனடா நாட்டின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1960களின் நடுப்பகுதியில் மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. 1969இல் முதல் மாணவர் குழு சேர்ந்தது. உடற்கூற்றியலையும் உடலியங்கியலையும் தொடக்க ஆண்டுகளில் மனப்பாடம் செய்தவர்கள், பின்னர் நோயாளியின் முன் நிற்கும்போது அவற்றைப் பயன்படுத்த இயலாமல் திகைப்பதை அதன் ஆசிரியர்கள் அறிந்திருந்தனர். ஆகவே முதலாண்டிலேயே ஒரு நோயாளியின் வரலாற்றைச் சிறு குழுவின் முன் வைத்தனர். இந்நோய்க்குறி ஏன் தோன்றியது, அதனை விளக்க எவற்றை அறிய வேண்டும் என்று மாணவரே பட்டியலிட்டு, தேடிப் படித்து, மீண்டும் கூடி விவாதித்தனர். ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர் இம்முறையை விளக்கி எழுதியும் பயிற்றுவித்தும் பரவச் செய்தார்.

நோயாளிக்குப் பொருந்தியது இயற்பியலுக்கும் பொருந்தும் என்பதைப் பிற நிறுவனங்கள் காட்டின. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து அரோரா நகரில் 1986இல் திறக்கப்பட்ட கணித அறிவியல் உயர்நிலைப் பள்ளி, 1990களில் இம்முறையைத் தானும் கையாண்டு பிற பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தது. அதே காலத்தில் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பார்பரா டச் முதலிய ஆசிரியர்கள் இயற்பியலுக்கெனச் சிக்கல்களை வகுத்தனர். சாலை விபத்து ஒன்றை ஆராயும் சிக்கல் அவற்றுள் பெயர் பெற்றது. அவ்வகையைச் சேர்ந்த ஒரு சிக்கலைப் பதினோராம் வகுப்புக்கு ஏற்றவாறு அமைத்து, வகுப்பில் அது எவ்வாறு நடைபெறும் என்று காண்போம்.

ஆசிரியர் ஐந்து ஐந்து பேராக மாணவரைப் பிரித்து அமர்த்தி, ஒரு தாளைத் தருகிறார். அதில் உள்ள செய்தி இது: ஊருக்குள் ஒரு நாற்சந்தியில் ஒரு கார் மற்றொரு வண்டியின்மீது மோதியது. அவ்விடத்தில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். தாம் அவ்வேகத்தை மீறவில்லை என்று ஓட்டுநர் சொல்கிறார். சக்கரங்கள் சுழலாமல் இழுபட்டுச் சென்றதால் தார்ச்சாலையில் பதிந்த கருந்தடத்தின் நீளம் 30 மீட்டர். ஓட்டுநர் சொல்வது உண்மையா? வழக்கு மன்றத்தில் அளிக்கத்தக்க அறிக்கை ஒன்றை எழுதுக.

உராய்வு என்னும் சொல்லோ சூத்திரமோ தாளில் இல்லை. காரின் நிறையும் இல்லை. மாணவர் ஒரு வெள்ளைத் தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்கின்றனர்: தெரிந்தவை, தெரியவேண்டியவை, செய்யவேண்டியவை. முதல் பத்தி விரைவில் முடிந்துவிடும். இரண்டாம் பத்தியில்தான் வாதம் தொடங்கும். காரை நிறுத்தியது எது? பிரேக்கா, சாலையா? கனமான கார் அதிகத் தொலைவு இழுபடுமா? டயர் தேய்ந்திருந்தால் என்ன ஆகும்? இத்தகைய வினாக்களை மாணவரே எழுப்பும்போது, பாடநூலின் உராய்வுப் பகுதி அவர்களுக்குத் தேவையான ஒன்றாகிவிடுகிறது. அதே பக்கங்களைத்தான் படிக்கிறார்கள். ஆனால் தேடிச்சென்று படிக்கிறார்கள்.

அடுத்த பாடவேளையில் சோதனை. பழைய டயரிலிருந்து அறுத்த ஒரு துண்டின்மீது செங்கற்களைக் கட்டி, பள்ளி வாயிலுக்கு உட்பட்ட தார்த்தரையில் சுருள்வில் தராசால் சீராக இழுக்கின்றனர். மொத்த எடை 40 நியூட்டன். இழுக்கத் தேவைப்பட்ட விசை 28 நியூட்டன் என்று கொள்வோம். 28ஐ 40ஆல் வகுக்க 0.7 கிடைக்கிறது. உலர்ந்த தார்ச்சாலைக்கும் டயருக்கும் இடையே உராய்வுக் குணகம் இந்த அளவை ஒட்டியே இருப்பது வழக்கம்.

இனிச் சூத்திரம் வருகிறது. காரின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு செய்த வேலை உறிஞ்சிவிட்டது என்று எழுதினால், வேகத்தின் இருமடி என்பது உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், தடத்தின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கலைப் போல இரண்டு மடங்கு என்று தெரியவரும். காரின் நிறை சமன்பாட்டின் இருபுறமும் இருப்பதால் நீங்கிவிடுகிறது. கனமான காருக்கு நீண்ட தடம் என்று வாதிட்ட மாணவர் இங்கே வியந்து நிற்பர். 2, 0.7, 9.8, 30 ஆகியவற்றைப் பெருக்க 411.6, அதன் வர்க்கமூலம் நொடிக்கு 20.3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 73 கிலோமீட்டர். ஓட்டுநர் சொன்ன 50 கிலோமீட்டர் வேகத்தில் தடம் 14 மீட்டர் அளவே இருந்திருக்கும்.

வழக்கமான கணக்கு இத்துடன் முடிந்து, விடையின் கீழ் ஒரு கோடு இடப்படும். சிக்கல்வழிக் கற்றலில் ஆசிரியர் இப்போது இரண்டாம் தாளைத் தருகிறார்: விபத்து நடந்தபோது தூறல் இருந்ததாக ஒரு சாட்சி கூறுகிறார்.

மாணவர் மீண்டும் வாயிலுக்கு ஓடுகின்றனர். தரையில் நீரை ஊற்றி இழுக்கின்றனர். இப்போது 16 நியூட்டனே போதும் என்று தராசு காட்டினால் குணகம் 0.4. அவ்வாறாயின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் அளவே. 73 எங்கே, 55 எங்கே! ஒரு மனிதரின் ஓட்டுநர் உரிமமும் பிழைப்பும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஊசலாடுகின்றன. மேலும், தராசின் முள் எல்லா முறையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஈரத்தரையில் குணகம் 0.35 முதல் 0.45 வரை மாறினால், வேகம் 52 முதல் 59 வரை விரிகிறது. 55 என்று ஒற்றை எண்ணைச் சொல்வது நேர்மையாகாது. இந்த எல்லைக்குள் என்று சொல்வதே நேர்மை.

அப்போது குழுவில் எவரேனும் ஒருவர், பெரும்பாலும் அதுவரை வாய்திறவாத ஒருவர், வேறொன்றைக் கவனிப்பார். தடம் முடிந்த இடத்தில் கார் நின்றுவிடவில்லை, மோதியது. மோதும்போதும் அதற்கு வேகம் இருந்தது. ஆகவே தடத்தைக் கொண்டு கணக்கிட்ட வேகம் கீழெல்லையே. உண்மை வேகம் அதனினும் மிகுதி. இறுதி அறிக்கை இவ்வாறு அமையும்: சாலை உலர்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் ஓட்டுநர் அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறியே வந்தார், ஆனால் எவ்வளவு மீறினார் என்பது தூறலைப் பற்றிய சாட்சியத்தைப் பொறுத்தது. எதனைத் துணிந்து சொல்லலாம், எதனைச் சொல்லக் கூடாது என்னும் இப்பாகுபாட்டை எந்தச் சூத்திரமும் தானாகக் கற்றுத்தருவதில்லை.

இம்முறையில் ஆசிரியருக்கு வேலை குறைவு என்று எண்ணுவோர் உண்டு. வேலை கூடுகிறது என்பதே உண்மை. சிக்கலை வகுக்கும்போதே, எந்த வழியில் சென்றாலும் மாணவர் உராய்வையும் ஆற்றலையும் சந்தித்தே தீரும்படி அவர் அமைக்க வேண்டும். ஒரு குழு தவறான திசையில் செல்லும்போது உடனே திருத்தாமல், எந்த வினாவைக் கேட்டால் அவர்களே தவறைக் காண்பார்கள் என்று யோசிக்க வேண்டும். ஒரு மாணவரே பேசி மற்றவர் எழுதிக்கொள்ளும் நிலை வராமல் காக்க வேண்டும். இறுதியில் வகுப்பு முழுவதையும் ஒன்றுசேர்த்து, கண்டறிந்ததை விதியாகவும் சமன்பாடாகவும் கரும்பலகையில் நிலைநிறுத்த வேண்டும். விடையை அறிந்தும் சொல்லாமல் பொறுத்திருப்பது ஆசிரியத் தொழிலில் கடினமான பயிற்சிகளுள் ஒன்று.

இம்முறைக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. கற்றறிந்தோர் கூறிய மறுப்பை முதலில் காண்போம். பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் ஆகிய மூவர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், குறைந்த வழிகாட்டுதலோடு கற்பிக்கும் முறைகள் புதிதாகக் கற்போருக்குப் பயன் தருவதில்லை என்று வாதிட்டனர். மனத்தில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய செய்திகள் சிலவே. அடிப்படை தெரியாதவரைச் சிக்கலுக்குள் தள்ளினால் அவர் தேடுவதிலேயே களைத்துப்போவார், கற்பதற்கு வலிமை எஞ்சாது என்பது அவர்கள் வாதம். மறு ஆண்டே சிண்டி ஹெமலோ-சில்வர் முதலியோர் இதற்கு விடை எழுதினர். நன்கு நடத்தப்படும் சிக்கல்வழிக் கற்றலில் வழிகாட்டுதல் நிறைந்திருக்கிறது. படிப்படியான துணை அதன் உறுப்பு என்று அவர்கள் காட்டினர். இருசாராரின் வாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறைக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் அது இம்முறை ஆகாது. அதில் நலிந்த மாணவரே முதலில் பின்தங்குவர்.

பயன் உண்டா என்பதற்கு அளவீடும் உண்டு. ரிச்சர்ட் ஹேக் என்னும் இயற்பியலாளர், பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த 62 பாடவகுப்புகளில் பயின்ற 6,000க்கும் மேற்பட்ட மாணவரின் சோதனை முடிவுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார். தொடக்கத்தில் அறியாதிருந்தவற்றில் எவ்வளவு பங்கைப் பாட இறுதியில் அறிந்தனர் என்று அவர் கணக்கிட்டார். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் அது சராசரியாக 23 விழுக்காடு. மாணவர் விவாதித்தும் செய்தும் கற்ற வகுப்புகளில் 48 விழுக்காடு. இவ்விரண்டாம் வகையில் பல முறைகள் அடங்கும்; சிக்கல்வழிக் கற்றல் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கேட்பதைவிடக் கையும் வாயும் மனமும் சேர்ந்து உழைக்கும்போது கருத்து ஆழப் பதிகிறது என்பதற்கு அவ்வளவீடு சான்று.

பெற்றோரின் மறுப்பு வேறு. பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும் தலைக்குமேல் தொங்கும்போது, ஒரே சிக்கலுக்கு நான்கைந்து பாடவேளைகளைச் செலவிட முடியுமா என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் நியாயமானது. அதனை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. கற்பிக்கும் முறையை மாற்றித் தேர்வை மாற்றாவிட்டால் சுமை பிள்ளையின் தோளில்தான் விழும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் இதனை உணர்ந்திருந்தது. நடுநிலை வகுப்பு மாணவர் தாமே சோதனை செய்து கற்ற அத்திட்டத்தில், தேர்விலும் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுத இசைவு இருந்தது. செய்முறைத் தேர்வும் இருந்தது. பின்னர்ப் பல மாவட்டங்களுக்குப் பரவி, 30 ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது. நல்ல முறையாயினும் ஆட்சியும் தேர்வும் பெற்றோரும் துணைநிற்காவிட்டால் அது நிலைப்பது அரிது என்பதற்கும் அதுவே சான்றாயிற்று.

ஆகவே எல்லாப் பாடத்தையும் இம்முறையில் நடத்துக என்று கோருவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரு பருவத்திற்கு இரண்டு சிக்கல்கள் போதும். உராய்வும் ஆற்றலும் சேர்ந்து ஒன்று, மின்னோட்டத்தில் மற்றொன்று. வீட்டு மின்கட்டண அட்டையைக் கையில் கொடுத்து, எந்தக் கருவியை மாற்றினால் கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேட்கலாம். எஞ்சிய பாடங்களை வழக்கமான முறையிலேயே நடத்தலாம். இரண்டே சிக்கல்களை முழுமையாகக் கடந்த மாணவர், மற்றப் பாடங்களின் சூத்திரங்களையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். இது எங்கிருந்து வந்தது, எப்போது பொருந்தாது என்று கேட்கும் பழக்கம் ஒருமுறை வந்தபின் எளிதில் போவதில்லை.

பெற்றோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் இன்று எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு, இன்று எந்த வினா எழுந்தது என்றும் கேட்கலாம். விடை தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால், அதனைக் குறையாகக் கொள்ளாமல், தெரியவேண்டியவை என்னும் இரண்டாம் பத்தியில் எழுதச் சொல்லலாம். படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. அறக்கட்டளைகள் ஊக்கத்தொகை வழங்குவதோடு, கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டி இத்தகைய சிக்கல்களைத் தமிழிலேயே வகுத்துத் தொகுக்க உதவினால், அது பல பள்ளிகளுக்குப் பயன்படும்.

இறுதியாக ஒன்று. அதே சமன்பாட்டில் வேகத்தை இருமடங்காக்கினால் தடம் நான்கு மடங்காகும். உலர்ந்த சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 14 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 56 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி கழிந்தால் அதற்கு முறையே 14, 28 மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 28 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 84 மீட்டரில் நிற்கிறது. இதனைச் சூத்திரமாக எழுதி மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் ஏராளம். டயர்த் துண்டைத் தம் கையால் இழுத்து, அறிக்கை எழுதி, ஒரு மனிதரின் பொறுப்பை எடைபோட்டு இதனை அறிந்த பிள்ளை, 18 வயதில் உரிமம் பெற்று முதன்முறை சாலையில் இறங்கும் நாளில் அந்த 84 மீட்டரை நினைவில் வைத்திருக்க வாய்ப்பு மிகுதி. இயற்பியலைக் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பெற்றோர் கேட்கவேண்டிய மூன்றாவது வினாவின் பயன் இதுவே.